கல்லும் இரும்பும் – 12: பாரைத் தொட விட்டவர்கள்

1956 நவம்பர் 1. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்–கொச்சியை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. குமரி மாவட்டம் பிறந்தது. அதற்குச் சரியாக மூன்று வாரம் கழித்து, 22-ஆம் தேதி, மெல்போர்னில் ஒலிம்பிக் தொடங்கியது. நம் ஆட்களுக்கு அன்றைக்கு ஒலிம்பிக் என்றால் ஹாக்கிதான். இறுதியாட்டத்தில் பாகிஸ்தானை 1–0 என்று வென்ற சேதி வந்ததும் கொண்டாட்டம் முடிந்தது. ராயல் எக்ஸிபிஷன் கட்டடத்துக்குள் பலகை மேடை போட்டு நடந்த பளுதூக்கும் போட்டியை இங்கே யார் கவனித்தார்கள்?

கவனித்திருக்க வேண்டும். அந்த மேடையில் ஏறிய யூதர்களில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் ஐசக் பெர்கர், வயது 20. ஜெருசலேமில் ரப்பி ஒருவரின் மகனாகப் பிறந்து, அமெரிக்காவுக்காக வந்தவர். தங்கம் வென்றார். இன்னொருவர் பென் ஹெல்ஃப்காட், பிரிட்டிஷ் பளுதூக்கும் அணியின் கேப்டன். தொடக்க விழா நடந்த நாளில்தான் அவருக்கு 27 வயது நிறைந்தது. பதக்க வரிசையின் பக்கத்தில்கூட அவர் வரவில்லை. ஆனாலும் இந்தப் பகுதியில் நான் அதிகம் பேசப்போவது இந்த இரண்டாமவரைப் பற்றித்தான்.

சென்ற பகுதியில் யூஜின் சாண்டோ இந்தியாவைச் சுற்றிப்போன கதையையும், அவருடைய பெயர் நம்மூர் பயில்வான்களின் முன்னொட்டாக மாறி, சினிமாத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவர் வரைக்கும் வந்ததையும் பார்த்தோம். சாண்டோ மேடை வித்தைக்காரர். டிக்கெட் போட்டுப் பலத்தைக் காட்டியவர். போட்டி என்பது வேறு. அதற்கு விதி வேண்டும், நடுவர் வேண்டும், எல்லாவற்றுக்கும் முன்னால் உள்ளே வர அனுமதி வேண்டும். யூதர்களுக்கு அந்த அனுமதி எப்படிக் கிடைத்தது, எப்படி மறுக்கப்பட்டது என்பதிலிருந்து தொடங்குவோம்.

1891 மார்ச்சில் லண்டன் பிக்காடிலியில் உள்ள கஃபே மோனிக்கோவில் முதல் சர்வதேசப் பளுதூக்கும் போட்டி நடந்தது. அதில் வென்றவர் பர்மிங்காமைச் சேர்ந்த எட்வர்ட் லாரன்ஸ் லெவி. பள்ளி ஆசிரியர், யூதர். உலகச் சாம்பியன் பட்டியலை எந்த நாட்டுக்காரர் எழுதினாலும் முதல் வரியில் அவர் பெயர்தான் வரும். இங்கிலாந்தில் அது நடக்க முடிந்தது. அதே காலத்தில் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் உடற்பயிற்சிச் சங்கங்கள் பல, யூதர்களை உறுப்பினராகச் சேர்க்க மாட்டோம் என்று விதி எழுதிக்கொண்டிருந்தன. 1898-இல் பாசல் நகரில் நடந்த சீயோனிய மாநாட்டில் மாக்ஸ் நோர்டாவ் என்ற மருத்துவர், யூத இளைஞர்கள் புத்தகத்தோடு நிற்காமல் உடம்பையும் வளர்க்க வேண்டும் என்று பேசினார். அடுத்தவன் சங்கம் கதவைச் சாத்தினால் தனக்கென்று ஒன்று கட்டிக்கொள்வதுதானே வழி? 1909-இல் வியன்னாவில் ஹக்கோவா என்ற யூத விளையாட்டுச் சங்கம் தோன்றியது. கால்பந்து, நீச்சல், மல்யுத்தம், பளுதூக்குதல் என்று எல்லாவற்றிலும் அந்தச் சங்கம் பேர் வாங்கியது.

அந்த நகரத்தின் ராபர்ட் ஃபைன் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில், ஹிட்லரின் ஊரிலேயே, 67.5 கிலோ பிரிவில் 342.5 கிலோ தூக்கினார். எகிப்தின் அன்வர் மெஸ்பாவும் அதே 342.5 கிலோ. இருவருக்கும் தங்கம் என்று தீர்ப்பானது. ஆரிய உடம்பின் பெருமையை உலகுக்குக் காட்டக் கூட்டிய திருவிழாவில் ஒரு யூதரும் ஒரு எகிப்தியரும் தங்கத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். இரண்டு வருஷத்தில் ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கினார், ஹக்கோவா கலைக்கப்பட்டது. பெர்லின் போட்டி முடிந்த மூன்றாம் மாதம், 1936 நவம்பர் 12-இல், திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. சுசீந்திரத்துக் கோயில் தெருவில் நடப்பதற்கே சத்தியாக்கிரகம் இருந்து அடிவாங்கிய ஊர் நம்முடையது. கதவுக்கு வெளியே நிறுத்தப்படுவது என்றால் என்ன என்று நாஞ்சில் நாட்டு வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பென் ஹெல்ஃப்காட் 1929-இல் போலந்தின் பாபியானிட்சே ஊரில் பிறந்து, பியோட்ர்குஃப் என்ற சிறுநகரத்தில் வளர்ந்தார். அப்பாவுக்கு மாவு வியாபாரம். பையனுக்கு ஒன்பது வயது முடிந்து பத்தாவது நடக்கும்போது ஜெர்மானியப் படை உள்ளே வந்தது. 1939 அக்டோபரில் பியோட்ர்குஃபில் யூதர்களை ஒரு பகுதிக்குள் அடைத்தார்கள். ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தில் போடப்பட்ட முதல் கெட்டோ அதுதான். அப்பா மாவைக் கடத்திக் குடும்பத்துக்கும் பிறருக்கும் சோறு போட்டார். பையன் ஹோர்டென்சியா கண்ணாடித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். அந்த வேலைதான் உயிரைக் காத்தது. 1942 அக்டோபரில் கெட்டோவிலிருந்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ரயிலேற்றினார்கள். அந்த டிசம்பரில், ஒளிந்து தப்பியிருந்தவர்களைப் பிடித்து ஜெப ஆலயத்தில் அடைத்து, ராக்குஃப் காட்டுக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். அதில் பென்னின் அம்மாவும், தங்கச்சி லூசியாவும் உண்டு. லூசியாவுக்கு எட்டு வயது.

1944 கடைசியில் அப்பாவும் மகனும் புக்கென்வால்ட் முகாமுக்குப் போனார்கள். அங்கே பிரித்தார்கள். பென் ஷ்லீபன் என்ற இடத்தில் டாங்கி எதிர்ப்பு ஆயுதம் செய்யும் அடிமை வேலைக்கு அனுப்பப்பட்டார். 1945 ஏப்ரலில் தெரேசியன்ஷ்டட் முகாம். மே மாதம் சோவியத் படை வந்து கதவைத் திறந்தது. யுத்தம் முடியச் சில நாள் இருக்கும்போது, நடைப்பயணத்தில் தப்ப முயன்ற அப்பாவைச் சுட்டுவிட்டார்கள் என்ற சேதி பிறகுதான் தெரிந்தது. ஊரைப் பார்க்கத் திரும்பிப் போன பென்னையும் அவருடைய சொந்தக்காரப் பையனையும் போலந்துச் சீருடை போட்ட இருவர் ஆளில்லாத இடத்துக்குக் கொண்டுபோய்த் துப்பாக்கியை நீட்டி, பிறகு மனசு மாறி விட்டார்கள். யுத்தம் முடிந்த பிற்பாடு நடந்தது இது. ஊர் இனி ஊர் இல்லை என்பது அன்றைக்கு முடிவாயிற்று.

அந்த வருஷம் ஆகஸ்டில் பிராகாவிலிருந்து ஸ்டெர்லிங் குண்டுவீச்சு விமானங்களில் 300 பிள்ளைகளை ஏற்றி, இங்கிலாந்தின் கார்லைல் அருகே இறக்கினார்கள். அங்கிருந்து விண்டர்மியர் ஏரிக்கரை. யுத்தகால விமானத் தொழிலாளர்களுக்குக் கட்டிய கால்கார்த் குடியிருப்பில் ஆளுக்கொரு படுக்கை, வெள்ளை விரிப்பு, வயிறு நிறைய ரொட்டி. பதினாறு வயதுக்கு உட்பட்ட ஆயிரம் அநாதைப் பிள்ளைகளை அனுமதிக்கலாம் என்று பிரிட்டிஷ் அரசு சொல்லியிருந்தது. எல்லாத் தொகுதிகளையும் கூட்டிப் பார்த்தபோது வந்து சேர்ந்தது 732 பேர். ஆயிரத்தை நிரப்புவதற்கு உயிரோடு பிள்ளைகள் கிடைக்கவில்லை. பென்னின் இன்னொரு தங்கச்சி மாலா, ராவென்ஸ்ப்ரூக், பெர்கன்–பெல்சன் முகாம்களைக் கடந்து உயிரோடிருந்தாள். 1947-இல் அவளும் இங்கிலாந்து வந்தாள்.

லண்டனில் இந்தப் பிள்ளைகளுக்காகப் பிரிம்ரோஸ் கிளப் என்று ஒன்று நடந்தது. நடத்தியவர் யோகி மேயர். இவரும் ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த யூதர், விளையாட்டுக்காரர். பாடம், சாப்பாடு, நடனம், பிங்-பாங், கால்பந்து எல்லாம் அங்கே உண்டு. விடுதிப் பையன்களைப் பந்தின் பின்னால் ஓடவிட்டால் ராத்திரிக் கெட்ட கனவு கொஞ்சம் குறையும் என்பது மேயரின் கணக்கு. பென் எல்லா விளையாட்டிலும் முந்தி நிற்கிற பையன். அதற்குள் பளுதூக்குதல் எப்படி வந்தது? 1948-இல் ஒருநாள் ஹாம்ப்ஸ்டெட் ஹீத் பூங்காவின் குளக்கரைப் பக்கம் போனபோது, திறந்தவெளியில் சிலர் பாரைத் தூக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். நானும் தூக்கிப் பார்க்கலாமா என்று கேட்டார். ஆள் குட்டை, பாரில் இருந்த எடைக்கும் அவருக்கும் பொருத்தம் இல்லை. கேட்டவர்களுக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் நகர்ந்து இடம் விட்டார்கள். அவர் தூக்கிவிட்டார்.

பார்த்தவுடன் தூக்குவது பெரிய விஷயமா என்று கேட்கலாம். தென்மாவட்டக் கிராமங்களில் இளவட்டக்கல் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். உருண்டைக் கல்லுக்குப் பிடி கிடையாது. குத்தவைத்து அணைத்து, முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சுக்கு உருட்டி, தோளுக்கு மேலே தள்ளிப் பின்னால் போட வேண்டும். வெறும் கைப்பலத்தில் இறங்குகிறவன் முழங்காலிலேயே நின்றுபோவான். இடுப்பும் தொடையும் சேர்ந்து ஒரு நொடியில் எழும்ப வேண்டும். பாரில் பிடி இருக்கிறது, எடை இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறது, அதனால் இன்னும் அதிகம் ஏற்றலாம். மற்றபடி வேலை செய்கிற தசை அதேதான், தேவைப்படுகிற துணிச்சலும் அதேதான்.

அன்றைய போட்டியில் மூன்று தூக்கு. முதலில் பிரஸ்: பாரைத் தோளுக்குக் கொண்டுவந்து நிற்க வேண்டும், நடுவர் சைகை காட்டிய பிறகு, முழங்காலை மடக்காமல் கையால் மட்டும் தலைக்கு மேலே தள்ள வேண்டும். அடுத்து ஸ்னாட்ச்: தரையிலிருந்து ஒரே இழுப்பில் தலைக்கு மேலே. கடைசியாக கிளீன் அண்ட் ஜெர்க்: தோளுக்கு ஒன்று, அங்கிருந்து கால் உந்தலோடு மேலே ஒன்று. ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தூக்கிய உச்ச எடைகளைக் கூட்டினால் வருவது மொத்தம். மொத்தம் சமமானால் உடல் எடை குறைந்தவர் முன்னே. மெல்போர்னில் கனரகப் பிரிவில் அமெரிக்காவின் பால் ஆண்டர்சனும் அர்ஜென்டினாவின் செல்வெட்டியும் ஆளுக்கு 500 கிலோ தூக்கினார்கள். ஆண்டர்சன் சில கிலோ இளைத்திருந்ததால் தங்கம் அவருக்கு. பிரஸ்ஸில் முதுகை எவ்வளவு வளைக்கலாம் என்பதில் நடுவர்களுக்குள் தீராத சண்டை. 1972-க்குப் பிறகு அதை எடுத்தே விட்டார்கள்.

குளக்கரையில் பாரைத் தொட்ட பென், இரண்டே வருஷத்தில், 1950-இல், யூதர்களின் உலக விளையாட்டுப் போட்டியான மக்கபியாவில் லைட்வெயிட் தங்கம் வென்றார். 1953-இலும் 1957-இலும் அதே தங்கம் அவருக்கே. ஐம்பதுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டமும் அவர் வசம் வந்தது. 1956-இல் மெல்போர்னுக்கும் 1960-இல் ரோமுக்கும் பிரிட்டிஷ் அணிக்குத் தலைமையேற்றுப் போனார். தெரேசியன்ஷ்டட்டில் எலும்பும் தோலுமாக விடுதலையான பையன், பதினோரு வருஷத்தில் பிரிட்டிஷ் மேலங்கி போட்டுக்கொண்டு ஒலிம்பிக் மைதானத்தில் அணிவகுத்தான். இன அழிப்பு முகாம்களிலிருந்து தப்பி ஒலிம்பிக்கில் போட்டியிட்டவர்கள் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே.

மெல்போர்னில் அவருடைய பிரிவில் சோவியத்தின் இகோர் ரிபாக் 380 கிலோவோடு தங்கம் எடுத்தார். ரிபாக்குக்கு அரசாங்கம் பயிற்சி கொடுத்தது. பென் பிழைப்புக்கு உழைத்துக்கொண்டே மாலையில் பயிற்சி செய்த அமெச்சூர். சோவியத்தும் அமெரிக்காவும் பளுதூக்கும் மேடையைப் பனிப்போரின் கிளை அலுவலகம் ஆக்கிவிட்ட காலம் அது. அந்த மோதலில் பிரிட்டன் ஓரமாக நின்ற நாடு.

அந்த மோதலின் நடுவே நின்றவர் ஐசக் பெர்கர். 1948 யுத்தத்தில் ஜெருசலேமில் குண்டுச் சிதறல் பட்டுக் காயமானவர், சிறுவனாக நியூயார்க் போய்ச் சேர்ந்தவர். ஜெப ஆலயத்தில் பாட்டு நடத்தும் காண்டராகவும் இருந்தார். மெல்போர்னில் 60 கிலோ பிரிவில் 352.5 கிலோ தூக்கி உலகச் சாதனையோடு தங்கம் பெற்றார். சோவியத்தின் யெவ்கெனி மினாயெவ் 342.5 கிலோவோடு இரண்டாமிடம். அடுத்த வருஷ மக்கபியாவில் பெர்கர் 117.1 கிலோ பிரஸ் செய்தார். இஸ்ரேல் மண்ணில் எந்த விளையாட்டிலும் படைக்கப்பட்ட முதல் உலகச் சாதனை அது என்று குறித்துவைத்திருக்கிறார்கள். அதே போட்டியில்தான் பென்னும் மூன்றாவது தங்கத்தை எடுத்தார்.

1960 ரோமில் பெர்கரும் மினாயெவும் மீண்டும் மோதினார்கள். போட்டி பத்து மணி நேரம் இழுத்து, விடியற்காலை நான்கு மணிக்கு முடிந்தது. ஒவ்வொரு தூக்குக்கும் உடம்பைச் சூடாக்கி, ஆறவிட்டு, மீண்டும் சூடாக்க வேண்டும். பாதி ராத்திரிக்கு மேல் அதைச் செய்வது எப்படிப்பட்ட சித்திரவதை என்று ஜிம்முக்குப் போகிறவர்களிடம் கேளுங்கள். மினாயெவ் 372.5, பெர்கர் 362.5. இந்த முறை வெள்ளி. 1964 டோக்கியோவில் ஜெர்க்கில் 152.5 கிலோ என்று உலகச் சாதனை செய்தும், மொத்தத்தில் ஜப்பானின் மியாக்கே 397.5 கிலோவோடு முந்திவிட்டார். பெர்கருக்கு 382.5, இன்னொரு வெள்ளி. மூன்று ஒலிம்பிக், ஒரு தங்கம், இரண்டு வெள்ளி. 1958-இலும் 1961-இலும் உலகச் சாம்பியன். யூதப் பளுதூக்குநர்களில் இவ்வளவு பெரிய போட்டி வாழ்க்கை வேறு யாருக்கும் சுலபமாக அமையவில்லை. 2022-இல் காலமானார்.

பென்னின் பெரிய பதக்கம் 1958-இல் கார்டிஃப் காமன்வெல்த் போட்டியில் கிடைத்த வெண்கலம். அந்தப் பிரிவில் தங்கம் வென்றவர் சிங்கப்பூரின் டான் ஹாவ் லியாங். சீனத்தின் ஸ்வதௌவில் பிறந்து, பிள்ளையாகச் சிங்கப்பூர் வந்து, தற்செயலாகப் பளுதூக்குதலைக் கண்டு பிடித்துக்கொண்டவர். இரண்டு வருஷம் கழித்து ரோமில் 380 கிலோ தூக்கி வெள்ளி வென்று, சிங்கப்பூருக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தைக் கொடுத்தார். அந்த ரோம் மேடையில் பென்னும் கடைசி முறையாக ஒலிம்பிக் பார் தூக்கினார். பிறந்த மண்ணைவிட்டு வந்த இரண்டு பேர் ஒரே பிரிவில் வேற்று மண்ணின் கொடிக்காக நின்றார்கள்.

1972 செப்டம்பரில் இந்த விளையாட்டு ரத்தம் பார்த்தது. மியூனிக் ஒலிம்பிக் கிராமத்தில் பாலஸ்தீன ஆயுதக் குழுவின் தாக்குதலில் இறந்த 11 இஸ்ரேலியர்களில் நான்கு பேர் பளுதூக்கும் மேடையைச் சேர்ந்தவர்கள்: யோசெஃப் ரோமானோ, டேவிட் பெர்கர், ஸீவ் ஃபிரீட்மன், நடுவர் யாகோவ் ஸ்பிரிங்கர். முகாமிலிருந்து பிழைத்து ஒலிம்பிக்கில் போட்டியிட்ட நடைப்போட்டி வீரர் ஷாவுல் லாடனி அந்த ராத்திரியிலும் தப்பினார்.

பென் 1963-இல் தோன்றிய '45 உதவிச் சங்கத்தின் தலைவராகி, தன்னோடு வந்த பிள்ளைகளைச் சாகும்வரை ஒரு குடும்பமாகக் கட்டிவைத்திருந்தார். வஞ்சம் வேண்டாம் என்பதில் உறுதியாக நின்றார். தன்னைத் துப்பாக்கி முனையில் நிறுத்திய போலந்தோடும் நல்லுறவு வளர்க்கவே பாடுபட்டார். 2018-இல் பிரிட்டன் அவருக்கு 'சர்' பட்டம் கொடுத்தது. 2023 ஜூன் 16-இல், 93-ஆவது வயதில் மறைந்தார்.

பெர்கரை விட்டுவிட்டு பென்னுக்கு நான் இவ்வளவு இடம் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. பலசாலிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கிலோக் கணக்கை மட்டும் எழுதுகிறார்கள். அந்தக் கிலோவுக்குப் பின்னால் ஒரு அரசாங்கத்தின் அனுமதிச் சீட்டு, ஒரு விடுதியின் ரொட்டி, யோகி மேயரின் கிளப், குளக்கரையில் நகர்ந்து நின்ற முகம் தெரியாத நாலு பேர் இருக்கிறார்கள். இரும்பு ஒருவனிடமும் குலம் கேட்பதில்லை. இரும்பை வைத்திருக்கிறவர்கள் கேட்கிறார்கள். வியன்னாவில் கேட்டார்கள், ஹாம்ப்ஸ்டெட்டில் கேட்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

தமிழ்நாட்டுக் கதையும் இதிலிருந்து விலகியதில்லை. 1978 எட்மன்டன் காமன்வெல்த்தில் தங்கம் வென்ற கருணாகரன், வெள்ளி வென்ற தமிழ்ச்செல்வன், 2014-இலும் 2018-இலும் தங்கம் கொண்டுவந்த வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் – இவர்கள் யாரும் பணக்காரக் கிளப்பில் வளர்ந்தவர்கள் அல்ல. யாரோ ஒருவர் பாரைத் தொட விட்டிருக்கிறார். ஆகையால் நாகர்கோவில், தக்கலை, குளச்சல் பக்கம் ஜிம் நடத்துகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஃபீஸ் கட்ட வழியில்லாமல் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிற பையனையோ பெண்பிள்ளையையோ ஒருமுறை உள்ளே கூப்பிட்டுப் பாரைக் கையில் கொடுங்கள். தூக்குகிறார்களா இல்லையா என்பது பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த பகுதியில் டான் ஹாவ் லியாங்.

(தொடரும்)